பெயர்ச்சீட்டை மறக்கும் பாத்திரம்

ஜாவா மொழியின் பொதுமைத் தரவமைப்புகள்: ஒரு மதிப்பீடு

மளிகைக் கடையில் டின்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா டின்களும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே பட்டறையில் செய்தவை. அதற்குள் துவரம்பருப்பு போகுமா, மிளகு போகுமா, வெல்லம் போகுமா என்ற கவலை டின் செய்தவருக்கு இல்லை. கடைக்காரருக்கு அந்தக் கவலை உண்டு. ஆகவே அவர் ஒவ்வொரு டின்னின் முகத்திலும் ஒரு சீட்டை ஒட்டி, உள்ளே இருக்கும் சரக்கின் பெயரை எழுதி வைக்கிறார். துவரம்பருப்பு டின்னுக்குள் கையை விட்டால் துவரம்பருப்புதான் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அவரால் மளமளவென்று எடுத்துப் பொட்டலம் கட்ட முடிகிறது.

கணிப்பொறி நிரல் எழுதுவோர் நெடுங்காலமாகப் போராடிவரும் ஒரு பிரச்சினை இந்தச் சிறு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது. டின்னைச் செய்பவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாகச் செய்ய விரும்புகிறார். பயன்படுத்துபவரோ ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு நம்ப விரும்புகிறார். இவ்விரு விருப்பங்களும் ஒருசேர நிறைவேறும்போதுதான் ஒரு தரவமைப்பு ‘பொதுமை’ உடையது என்று கூறலாம். ஜாவா மொழி இந்தத் தேர்வில் எங்கே தேறியது, எங்கே தவறியது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏராளமான கல்லூரி மாணவர்கள் தரவமைப்புகளை முதன்முதலில் இம்மொழியில்தான் பயில்கிறார்கள். ஆதலால் இம்மொழியின் குறைகள் அவர்களுடைய சிந்தனையிலும் படியக்கூடும். மதிப்பீடு தேவைப்படுவதற்கு அதுவே முதற் காரணம்.

பிரச்சினை என்ன?

அடுக்கு என்னும் தரவமைப்பை எடுத்துக்கொள்வோம். கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பது அதன் விதி. முழு எண்களை வைப்பதற்கு ஓர் அடுக்கை எழுதுகிறோம். மறுநாள் பெயர்களை வைப்பதற்கு ஓர் அடுக்கு தேவைப்படுகிறது. வைப்பதற்கும் எடுப்பதற்கும் உரிய கட்டளைகள் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க, ‘முழு எண்’ என்று எழுதிய இடங்களில் மட்டும் ‘எழுத்துச் சரம்’ என்று மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் தேதிகள், நான்காம் நாள் மாணவர் விவரங்கள். முதல் பிரதியில் ஒரு பிழை இருந்தால் அது நான்கு பிரதிகளிலும் இருக்கும். மூன்றைத் திருத்திவிட்டு நான்காவதை மறந்துவிடுவது மனித இயல்பு.

ஆகவே நிரலை ஒரே முறை எழுதி, எந்தத் தரவினத்துக்கும் பயன்படுத்த வழி வேண்டும். 1996இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவின் முதற்பதிப்பு இதற்கு ஓர் எளிய விடை தந்தது. ஜாவாவில் எல்லா இனக்குழுக்களுக்கும் மூதாதை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆப்ஜெக்ட். தரவமைப்பு ஆப்ஜெக்ட்டுகளை ஏற்கும் என்று எழுதிவிட்டால் எந்தப் பொருளையும் அதில் போடலாம் அல்லவா? வெக்டர், ஸ்டாக், ஹாஷ்டேபிள் ஆகியவை அவ்வாறே அமைந்தன. 1998இல் வந்த விரிவான தரவமைப்புத் தொகுதியும் இதே வழியில் நடந்தது.

டின் செய்பவரின் விருப்பம் இங்கே முழுமையாக நிறைவேறிவிட்டது. கடைக்காரருக்கோ சீட்டே இல்லை. போடுவது எதுவாயினும் ஏற்கும் அந்தப் பாத்திரம், எடுக்கும்போது ‘இதோ ஓர் ஆப்ஜெக்ட்’ என்று மட்டும் சொல்லும். அது எண்ணா, பெயரா என்பதை எடுப்பவரே நினைவில் வைத்து, இனமாற்றுக் கட்டளை எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதை எழுதுபவர் மாணவப் பருவத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல் நிரல் எழுதியதுண்டு. மதிப்பெண்கள் ஒரு வெக்டரில் சேர்ந்தன. தேர்வுக்கு வராதவருக்கு மதிப்பெண் இல்லாததால், அந்த இடத்தில் ‘வரவில்லை’ என்ற சொல்லையே போட்டுவைத்தேன். பாத்திரம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. சோதித்துப் பார்த்த வகுப்பில் எல்லோரும் தேர்வு எழுதியிருந்தார்கள். நிரலும் ஒழுங்காக ஓடியது. பின்னர் வேறொரு வகுப்பின் பட்டியலைத் தந்தபோது, கூட்டுத்தொகை காணும் பகுதியில் ‘கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்’ என்ற அறிவிப்போடு நிரல் நின்றுவிட்டது. பிழையைப் போட்டது ஓரிடம். அது வெடித்தது வேறோரிடம். கூட்டல் பகுதியையே மாலை முழுதும் துருவிக்கொண்டிருந்தேன். அதில் தவறு ஏதும் இல்லை.

தவறு என்னுடையதே. ஆயினும் போடும் வேளையிலேயே ‘இது எண்களின் பட்டியல், சொல்லுக்கு இங்கே இடமில்லை’ என்று தடுத்திருக்க வேண்டிய மொழி வாளாவிருந்தது. எதையும் ஏற்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். ஆனால் அது பொதுமை ஆகாது. வெறும் மறதியே ஆகும்.

முன்னோர் கண்ட வழி

இதற்கு விடை அதற்கு முன்பு எவரும் அறியாததா என்றால், இல்லை. 1970களிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் தம் மாணவர்களுடன் உருவாக்கிய சி.எல்.யு. என்னும் மொழியில், தரவினத்தையே தரவமைப்புக்கு உள்ளீடாகத் தரும் வசதி இருந்தது. அதே பத்தாண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னர் எம்.எல். மொழியை அமைத்தார். எந்த இனம் என்று எழுதுபவர் குறிப்பிடாவிட்டாலும் மொழியே ஊகித்தறிந்து, பிழையானால் தடுக்கும் முறையின் கோட்பாட்டை 1978இல் அவர் வெளியிட்டார். 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியிலும் பொதுமைக் கூறுகள் உண்டு. சி பிளஸ் பிளஸ் மொழியில் ‘டெம்ப்ளேட்’ என்னும் அச்சுமுறை 1990களின் தொடக்கத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன்மீது அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் எழுப்பிய தரவமைப்பு நூலகம் 1994இல் அம்மொழியின் தரத்தில் சேர்க்க ஏற்கப்பட்டது.

ஆக, ஜாவா பிறந்தபோது வழிகள் பல கண்முன் இருந்தன. எளிமையையும் விரைவான வெளியீட்டையும் கருதி அது பொதுமையை ஒத்திவைத்தது. ஒத்திவைத்த கடனுக்கு வட்டி உண்டு. எட்டு ஆண்டுகளில் சீட்டில்லாப் பாத்திரங்களை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. பிற்பாடு வந்த சீர்திருத்தத்தின் குறைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

2004இன் சீர்திருத்தம்

மார்ட்டின் ஒடெர்ஸ்கி, பிலிப் வாட்லர், கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டௌட்டமைர் ஆகிய நால்வர் 1998இல் ஜாவாவுக்குப் பொதுமை சேர்க்கும் ஒரு திட்டத்தை வெளியிட்டனர். கடந்த காலத்துக்கு ஊறு நேராதபடி எதிர்காலத்தை அமைப்பது என்ற கருத்துடைய தலைப்பை அந்த ஆய்வுரைக்கு இட்டிருந்தார்கள். இத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பொதுமை, 2004 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது.

இதன் வேலைமுறை கவனிக்கத்தக்கது. தரவமைப்பை எழுதுபவர் உறுப்பின் இனத்துக்கு ‘இ’ என்பது போன்ற ஓர் எழுத்தை இட்டு எழுதுகிறார். பயன்படுத்துபவர் பட்டியலின் பெயரை அடுத்துக் கோண அடைப்புக்குறிக்குள் ‘இன்டிஜர்’ என்றோ ‘ஸ்ட்ரிங்’ என்றோ குறிக்கிறார். அதுவே பாத்திரத்தின் சீட்டு. எண்களின் பட்டியலில் ஒரு சொல்லைப் போட முயன்றால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே நிரல்பெயர்ப்பி தடுத்துவிடும். எடுக்கும்போது இனமாற்றுக் கட்டளை எழுதவும் வேண்டியதில்லை. என் பழைய மதிப்பெண் பட்டியலை இப்படி எழுதியிருந்தால் ‘வரவில்லை’ என்று எழுதிய வரியிலேயே பிழை அகப்பட்டிருக்கும். இது சிறிய ஆதாயம் அன்று.

சோதனை முடிந்ததும் நிரல்பெயர்ப்பி ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. ஒட்டிய சீட்டுகளையெல்லாம் கிழித்துவிடுகிறது! ‘இ’ என்று இருந்த இடமெல்லாம் பழையபடி ஆப்ஜெக்ட் ஆகிறது. எடுக்கும் இடங்களில் இனமாற்றுக் கட்டளைகளை அதுவே இரகசியமாகச் சேர்த்துவிடுகிறது. இதற்கு ‘அழிப்பு முறை’ என்று பெயர். நிரல் ஓடும்போது எண்களின் பட்டியலுக்கும் பெயர்களின் பட்டியலுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டும் வெறும் பட்டியல்கள். ஜாவாவின் மிகவும் பழக்கமான அர்ரேலிஸ்டைத் திறந்து பார்த்தால், உள்ளே இன்றும் இருப்பது ஆப்ஜெக்ட் அணியே.

ஏன் இப்படி? ஓடும் நிலையில் புதிய பட்டியலும் பழைய பட்டியலும் ஒன்றே என்பதால், 1998இல் எழுதிய நிரலும் 2004இல் எழுதிய நிரலும் ஒன்றோடொன்று தடையின்றிப் பேச முடிந்தது. எந்த நிறுவனமும் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. இந்தக் கவனம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று தருவேன். ஒரு தொகுதியின் மிகப்பெரிய உறுப்பைக் கண்டுபிடிக்கும் செயல்கூற்றின் அறிவிப்பில், உறுப்பின் இனம் ‘ஒப்பிடத்தக்கதாக’ இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதாமல், ‘ஆப்ஜெக்ட்டாகவும் ஒப்பிடத்தக்கதாகவும்’ இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாமே ஆப்ஜெக்ட்தான் எனும்போது இது வீண் சொல்லாகத் தோன்றும். ஆனால் அழிப்பு நடந்தபின் அச்செயல்கூறு பழைய உருவத்தையே பெற வேண்டும். பழைய நிரல்கள் அதைத் தேடிவரும்போது ஏமாறக்கூடாது. அதற்காகவே அச்சொல். இத்தகைய பொறுப்புணர்வைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

குறைகள்

பாராட்டியபின் குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கினைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, பின்கதவு. பழைய நிரல்களுக்காகச் சீட்டில்லாப் பட்டியலும் மொழியில் நிலைத்துவிட்டது. எண்களின் பட்டியலைச் சீட்டில்லாப் பெயர் ஒன்றால் சுட்டி, அதன் வழியாக ஒரு சொல்லைப் போட்டால், நிரல்பெயர்ப்பி எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. பின்னர் எடுக்கும்போது பழைய எக்செப்ஷன் மீண்டும் தலைகாட்டும். இம்முறை அது தோன்றும் வரியில் இனமாற்றுக் கட்டளை ஏதும் கண்ணுக்குத் தெரியாது. அது இரகசியமாகச் சேர்க்கப்பட்டது அல்லவா! கற்போர் திகைப்பதில் வியப்பில்லை. வடிவமைத்தவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். ஒவ்வோர் உறுப்பையும் போடும்போதே ஓடும் நிலையில் சோதிக்கும் ‘செக்டு லிஸ்ட்’ என்ற தனி உறையை அதே ஐந்தாம் பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். பூட்டு விற்பவரே கூடவே ஒரு சங்கிலியையும் தருவது போன்றது இது.

இரண்டாவது, எண்களுக்கு நேர்ந்த கதி. அழிப்பு முறையில் எல்லாம் ஆப்ஜெக்ட் ஆக வேண்டும். ஆனால் ஜாவாவின் அடிப்படை முழு எண் ஆப்ஜெக்ட் அன்று. எனவே அதை ‘இன்டிஜர்’ என்ற பெட்டிக்குள் வைத்தே பட்டியலில் சேர்க்க முடியும். விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து லட்சம் முழு எண்களை அணியில் வைத்தால் எண்ணுக்கு 4 பைட்டாக 40 லட்சம் பைட்டு போதும். அவற்றையே பட்டியலில் வைத்தால், வழக்கமான 64 பிட் அமைப்பில், ஒவ்வோர் எண்ணுக்கும் பெட்டிக்கு 16 பைட்டும் அதைச் சுட்டும் முகவரிக்கு 4 பைட்டும் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 2 கோடி பைட்டு, ஐந்து மடங்கு! சரக்கைவிடச் சாக்கின் எடை அதிகமாகிவிடுகிறது.

இடம் மட்டும் போனால் பொறுத்துக்கொள்ளலாம், பொருளும் மாறுகிறது. எண்களின் பட்டியலில் 100 என்பதை இரு முறை சேர்த்து, இரு உறுப்புகளும் சமமா என்று இரட்டைச் சமக்குறியால் கேளுங்கள். ‘ஆம்’ என்று விடை வரும். 1000 என்பதை இரு முறை சேர்த்துக் கேளுங்கள். ‘இல்லை’ என்று வரும்! மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு மொழி ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்கு மேற்பட்ட எண்களுக்கு, வழக்கமான அமைப்பில், புதுப்புதுப் பெட்டி. இரட்டைச் சமக்குறி பெட்டிகளை ஒப்பிடுகிறதேயன்றி, உள்ளிருக்கும் எண்களை ஒப்பிடுவதில்லை. கணிதத்தில் 1000 எப்போதும் 1000க்குச் சமம் என்று படித்த மாணவருக்கு இதை எப்படி விளக்குவது? ‘ஈக்வல்ஸ்’ என்னும் செயல்கூற்றைப் பயன்படுத்து என்று ஆசிரியர் சொல்வார். அது சரியான மருந்து. நோய் ஏன் வந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உடன்பிறந்தோரிடையே முரண்பாடு. பட்டியலுக்கும் அணிக்கும் விதி வேறு. பொதுமை இல்லாத காலத்தில், ஒரே வரிசைப்படுத்தும் நிரல் எல்லா அணிகளுக்கும் பயன்பட வேண்டும் என்று, சொற்களின் அணியை ஆப்ஜெக்ட் அணியாகக் கருதலாம் என விதி செய்தார்கள். அப்படிக் கருதி அதில் எண்ணைப் போட்டால், ஓடும்போது ‘அர்ரே ஸ்டோர் எக்செப்ஷன்’ வரும். 2004இன் பட்டியல்கள் இதைத் திருத்திக்கொண்டன: சொற்களின் பட்டியல் ஆப்ஜெக்ட் பட்டியல் ஆகாது. விதி சரியே. ஆனால் அதனால் ஏற்படும் இறுக்கத்தைத் தளர்த்துவதற்குக் கேள்விக்குறியிட்டு எழுதும் ஒரு முறையைச் சேர்த்தார்கள். ‘ஏதோ ஓர் இனம், ஆனால் அது இன்னதன் வழித்தோன்றல்’ என்று அது பொருள்படும். அனுபவசாலிகளையும் அது தடுமாற வைக்கிறது. 2016இல் நாடா அமின், ராஸ் டேட் என்னும் இரு ஆய்வாளர்கள், இம்முறையையும் ‘நல்’ என்னும் வெற்று மதிப்பையும் இணைத்து, இனமாற்றுக் கட்டளை எதுவும் இல்லாமலே நிரல்பெயர்ப்பியை ஏமாற்றிவிடும் நிரலை எழுத முடியும் என்று காட்டினர். பன்னிரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாத விரிசல் அது.

நான்காவது குறையை மற்றவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. பொதுமைத் தரவமைப்பு ஒன்று தன் உறுப்பினிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுக்குக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. வைப்பதும் எடுப்பதுமே அதன் வேலை. ஆனால் உறுப்புகளை வரிசை மாறாமல் காத்துவைக்கும் ‘ட்ரீசெட்’ போன்ற அமைப்புக்கு, இரண்டு உறுப்புகளில் எது முந்தியது என்று ஒப்பிடத் தெரிய வேண்டும். ஒப்பிடவே முடியாத ஓர் இனத்துக்கு ட்ரீசெட் அமைத்துப் பாருங்கள். நிரல்பெயர்ப்பி வாய் திறவாது. முதல் உறுப்பைச் சேர்க்கும்போதுதான், ஓடும் நிலையில், எக்செப்ஷன் வரும். ஒப்பிடும் விதியைத் தனியாகத் தருபவர்களுக்கும் இடம் வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். இரு வகையினருக்கும் இரண்டு தனி வாயில்களை அமைத்து, ஒன்றில் மட்டும் இந்த நிபந்தனையை எழுதியிருக்கலாமே! உறுப்பிடம் வேண்டுவதை எழுதிக் காட்டும் வழி லிஸ்கோவின் மொழியில் 1970களிலேயே இருந்தது என்பதை எண்ணும்போது, இக்குறை உறுத்தவே செய்கிறது.

வேறு வழி இருந்ததா?

குறை சொல்வது எளிது. மற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

சி பிளஸ் பிளஸ் ஒவ்வோர் இனத்துக்கும் நிரலைத் தனித்தனியே அச்சிட்டுக் கொடுக்கிறது. எண்களுக்குப் பெட்டி தேவையில்லை, வேகமும் மிகுதி. ஆனால் உருவாகும் நிரலின் பருமன் கூடும். உறுப்பு தகுதியற்றதாயின் வரும் பிழைச் செய்தியோ பக்கம் பக்கமாக நீளும். தகுதியை முன்கூட்டியே எழுதும் ‘கான்செப்ட்’ முறை அதன் தரத்தில் சேர 2020 வரை ஆயிற்று.

மைக்ரோசாப்டின் சி ஷார்ப் மொழி ஜாவாவைப் போலவே பொதுமை இல்லாமல் 2002இல் வெளியாயிற்று. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தின் டான் சைம், ஆண்ட்ரூ கென்னடி ஆகியோரின் உழைப்பால் 2005இல் அது பொதுமையைப் பெற்றபோது, சீட்டைக் கிழிக்காமல் ஓடும் நிலையிலும் காக்கும் வழியைத் தேர்ந்தது. அங்கே எண்களின் பட்டியலில் எண்கள் பெட்டியின்றியே இருக்கின்றன. விலை என்ன? இயக்க எந்திரத்தையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய பட்டியல்களுக்குப் பக்கத்தில் புதிய பட்டியல்களை முற்றிலும் தனித் தொகுதியாக வைக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுச் சரக்கு மட்டும் கையிலிருந்ததால் அது அவர்களுக்குத் தாங்கக்கூடிய விலையாயிற்று. ஜாவாவின் தோளில் எட்டு ஆண்டுச் சுமை.

2009இல் கூகுள் நிறுவனம் அறிவித்த கோ மொழியும் பொதுமையை ஒத்திவைத்தது. அது வந்து சேர்ந்தது 2022 மார்ச்சில் வெளியான 1.18ஆம் பதிப்பில். இடைப்பட்ட காலத்தில் ஒரே தரவமைப்பைப் பிரதி எடுத்து எழுதுவதும், எதையும் ஏற்கும் வெற்றுப் பாத்திரத்தில் போட்டு இனமாற்றுவதும் அங்கும் நடந்தன. ஜாவாவின் வரலாற்றைக் கண்ட பிறகும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியவில்லை.

ஆக, 2004இல் ஜாவா செய்த தேர்வு, அன்றைய நிலைமையில், நியாயப்படுத்தத்தக்கதே என்பது என் முடிவு. உண்மையான தவறு 1996இல் நிகழ்ந்தது. பொதுமையைப் பின்னால் சேர்க்கும் அலங்காரமாக நினைத்தார்கள். அது அடித்தளத்தில் போட வேண்டிய கல்.

நிறைவாக ஒரு நிறை

குறைகளோடு முடித்தால் மதிப்பீடு ஒருதலைச் சார்பாகிவிடும். ஜாவாவின் தொகுதியில் என்னை மகிழ்வித்த ஒன்றும் உண்டு. அதைத் தமிழ் மாணவர்கள் உடனே சோதித்துப் பார்க்கலாம்.

‘கனி’, ‘கவி’ என்ற இரு சொற்களை ஒரு பட்டியலில் இட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ‘கனி’ முதலில் வரும். நம் அகராதியிலோ ‘கவி’ முந்தும். னகரம் மெய்வரிசையில் கடைசி எழுத்து அன்றோ! யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் வரும் கோளாறு இது. சரங்களின் இயல்பான ஒப்பீடு அந்த எண்வரிசையையே பின்பற்றுகிறது.

இதற்காக வரிசைப்படுத்தும் நிரலை யாரும் திருத்த வேண்டியதில்லை. தமிழ் நெடுங்கணக்கின்படி இரு சொற்களை ஒப்பிடும் ஒரு சிறு செயல்கூற்றை எழுதி, ‘கம்பேரட்டர்’ என்னும் உருவில் கொடுத்தால் போதும். அதே நிரல் அகராதி வரிசையைத் தந்துவிடும். அந்நிரலை எழுதியவர் தமிழைக் கேள்விப்பட்டே இராதவராகவும் இருக்கலாம். ‘இரண்டில் எது முந்தியது என்று மட்டும் எனக்குச் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் தம் தேவையைத் துல்லியமாகக் கேட்டு வைத்திருக்கிறார். அதனால் நம் எழுத்துமுறைக்கும் அதில் இடம் கிடைக்கிறது.

பொதுமையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் ஏற்பவர் பொதுவானவர் அல்லர். தமக்குத் தேவையானதை மட்டும் தெளிவாகக் கேட்டு, அதைத் தரக்கூடிய எவரையும் வேற்றுமை பாராமல் ஏற்று, ஏற்றவரின் அடையாளத்தை அழிக்காமல் காப்பவரே பொதுவானவர். இந்த மூன்று அளவுகோல்களில், முதலாவதில் ஜாவா பாதி மதிப்பெண் பெறுகிறது. கம்பேரட்டரில் கேட்டதை ட்ரீசெட்டில் கேட்கத் தவறிவிட்டது. இரண்டாவதில், அடிப்படை எண்களை ஒதுக்கியது நீங்கலாகத் தேறுகிறது. மூன்றாவதில் நிரல்பெயர்ப்பின்போது தேறி, ஓடும்போது தவறுகிறது. எண்களைப் பெட்டியிலிருந்து விடுவிப்பதற்காக 2014இல் ‘வல்ஹல்லா’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சி பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டிருக்கிறது. ஒத்திவைத்த கடனின் வட்டி எவ்வளவு என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அடுக்கையோ பட்டியலையோ நீங்களே எழுதும்போது, ‘இது எந்தத் தரவினத்துக்கும் பயன்படும்’ என்று சொல்லிப் பெருமைப்படும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உறுப்பிடமிருந்து இந்தத் தரவமைப்பு என்ன எதிர்பார்க்கிறது? தவறான சரக்கை ஒருவர் போட்டால், அது போடும் இடத்திலேயே பிடிபடுமா, எடுக்கும் இடத்தில்தான் தெரியவருமா? நிரல்பெயர்ப்பி தரும் எச்சரிக்கைகளை ‘ஓடுகிறதே, போதும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘வரவில்லை’ என்று நான் போட்டு வைத்த சொல், யாரும் எதிர்பாராத ஒரு நாளில்தான் வெளியே வந்தது.